மெழுகு விரல் வளைந்த மாலை: ஒரு பல்கலைக்கழகக் கலைக்கூட உரையாடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடம் முன்பு நூலகத்தின் வாசிப்பறையாக இருந்தது. நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போனதும் அலமாரிகளை எடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, கூரையில் ஹாலோஜன் விளக்குகள் பொருத்தி, வாசலில் பலகை மாட்டினார்கள். ஜன்னல்கள் பெரியவை, மேற்குப் பார்த்தவை. மின்விசிறிகள் பழையவை. மூன்றுக்கு மேல் வைத்தால் பேசுபவர் குரல் பின்வரிசைக்கு எட்டாது. கவின்கலைத் துறையில் பாடம் எடுப்பது போக, இந்த அறைக்கும் நான்தான் பொறுப்பாளர்.

மாதம் ஒரு மாலை ஓர் ஓவியரையோ சிற்பியையோ அழைப்பது, தத்துவம், வரலாறு, இலக்கியம் என்று ஏதாவது ஒரு துறையில் எழுதியும் பேசியும் வருபவர் ஒருவரை அவரோடு உட்காரவைத்துப் பேசச் செய்வது. இதுதான் திட்டம். கலைஞர்களும் சிந்தனையாளர்களும் சந்திக்கும் மாலை என்று அழைப்பிதழில் போட்டோம். அந்த வரியை எழுதியது நான். அதில் தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இங்கே கொஞ்சம் பழைய கதை. எங்கள் துறை ஆசிரியர்களில் பாதிப்பேர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. ஓவியமும் தொழிற்கலையும் ஒரே வளாகத்தில், தனித்தனிப் பிரிவுகளாக வளர்ந்த இடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். அந்தக் கிராமத்து ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில்தான் ஓவியம் வரைந்தார்கள். இதை நாங்களே வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறோம். சொல்லிவிட்டு, எங்கள் சொந்த அழைப்பிதழில் கலைஞரை ஒரு பக்கமும் சிந்தனையாளரை இன்னொரு பக்கமும் பிரித்து அச்சடித்திருந்தோம்.

இந்த ஆய்வு அந்த வரிசையில் ஓர் ஏப்ரல் மாலையையும் அதைத் தொடர்ந்து நடந்தவற்றையும் பற்றியது. கூடத்தில் அப்போது வெண்கல வார்ப்புக் காட்சி நடந்துகொண்டிருந்தது. நான்கு மேசைகள். முதலாவதில் ஒன்றரை அடி உயர அம்மன் மெழுகு உரு. அடுத்ததில் மண் பூசிக் கம்பி கட்டிய அச்சு. மூன்றாவதில் மண்ணை உடைத்து எடுத்த வார்ப்பு, இன்னும் கரியும் பிசிறுமாக. கடைசியில் உளிவேலை முடிந்த சிலை. நான்கையும் கொண்டுவந்தவர் சுவாமிமலையைச் சேர்ந்த, அறுபதை நெருங்கும் ஒரு ஸ்தபதி. அவரோடு பேச நாங்கள் அழைத்தது ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவரை. இருவருக்கும் அதற்குமுன் பழக்கம் இல்லை. நாங்களும் பழக்கம் செய்துவைக்கவில்லை.

முதல் மாலை

மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒலிவாங்கி ஒன்று, பேராசிரியர் பக்கம். அறிமுகத்தில் அவருடைய பட்டங்கள், நூல்கள், வெளிநாட்டுக் கருத்தரங்குகள் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. ஸ்தபதிக்கு நாலு வரி: ஊர், பரம்பரை, எத்தனை கோயில்களுக்குச் சிலை செய்திருக்கிறார், அவ்வளவுதான். அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே 'கைவினைஞர்' என்று இருந்தது.

பேராசிரியர் நன்றாகப் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் பிறந்து, நிலவியல் படித்து, பிறகு கலையின் பக்கம் வந்த ஆனந்த குமாரசாமியிலிருந்து தொடங்கினார். கண்டிப் பகுதிக் கைவினைஞர்களைப் பற்றி அவர் 1908இல் நூல் வெளியிட்டதைச் சொன்னார். சிவ நடனம் பற்றிய அவருடைய கட்டுரைக்குப் போனார். அங்கிருந்து, சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதன் எழுதிய குறிப்புகளுக்கு வந்தார். செய்பவனுடைய கைக்குள் இருக்கும் அறிவை நம் கல்விமுறை அறிவாக மதிப்பதில்லை என்பது அவர் பேச்சின் மையம். அதை ஐம்பது நிமிடம் சொன்னார். கை பக்கத்து நாற்காலியில் மடியில் கிடந்தது.

பேச்சு முக்கால்வாசி ஓடியிருக்கும். ஸ்தபதி திடீரென்று எழுந்து மேடையிலிருந்து இறங்கி முதல் மேசைக்குப் போனார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேர் மேலே இருந்த ஹாலோஜன் விளக்கின் சூடும், மேற்கு ஜன்னல் வெயிலும் சேர்ந்து மெழுகு உருவின் வலது கையை இளக வைத்திருந்தன. அம்மனின் வலது கை கடக முத்திரையில் இருக்கும். பூ ஒன்றைப் பிடித்தாற்போல விரல்கள் வளைந்து, நடுவில் சின்ன வளையம்போல இடைவெளி விட்டிருக்கும். அந்தச் சுட்டுவிரல் சரிந்து இடைவெளி மூடிக்கொண்டிருந்தது.

அவர் உருவைப் பீடத்தோடு தூக்கி, வெளிச்சம் படாத பக்கம் வைத்தார். மேசையில் பேச்சாளருக்கு என்று வைத்திருந்த தண்ணீர் தம்ளரை எடுத்து விரலை நனைத்துக்கொண்டார். என்னிடம் கையை நீட்டினார். புரியாமல் நின்றேன். பேனாவைக் காட்டினார். கொடுத்தேன். மூடியைக் கழற்றி, அதன் கொக்கியைத் தண்ணீரில் தோய்த்து, அந்த இடைவெளிக்குள் மெதுவாக நுழைத்து, சுட்டுவிரலை அதன்மேல் சுற்றிப் படியவைத்தார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு இறுகும் வரை, ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு கொக்கியை உருவி எடுத்து, பேனாவைத் துடைத்து, என்னிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் ஒலிவாங்கியை வாங்கி, "இடையூறுக்கு மன்னிக்கவும், சார் தொடரலாம்" என்றேன்.

ஸ்தபதியின் முறை வந்தபோது நேரம் ஆறேகாலைத் தாண்டியிருந்தது. "சார் எல்லாம் சொல்லிட்டாரு. எல்லாருக்கும் நன்றி" என்று ஆரம்பித்து, தன் அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். கேள்வி நேரத்தில் பேராசிரியரிடம் நாலு கேள்வி. ஸ்தபதியிடம் ஒன்றே ஒன்று: "ஒரு சிலை செய்ய எத்தனை நாள் ஆகும்?" அப்புறம் பொன்னாடை, நன்றியுரை, நாட்டுப்பண்.

பதிவைக் கேட்டபோது

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையை முதுகலை மாணவி ஒருவரிடம் கொடுத்திருந்தேன். நாலாம் நாள் வந்து, "மேடம், ஒரு இடத்துல ஒரு நிமிஷத்துக்கு மேல யாருமே பேசல. அதை என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். நாற்காலி நகரும் சத்தம், நடை, தம்ளரைத் தூக்கும் சத்தம், மின்விசிறி. பிறகு என் குரல், மன்னிப்புக் கேட்டபடி.

எண்பது நிமிடப் பதிவு. அதில் ஸ்தபதியின் குரல் மூன்று நிமிடம்கூட இல்லை. அறிமுகமும் நன்றியுரையும் சேர்ந்தே இருபது நிமிடம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்த ஒரே நல்ல விஷயத்துக்குத்தான் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாணவர்களின் கருத்துப் படிவங்களும் வந்திருந்தன. பெரும்பாலானவை வழக்கம்போல, 'பயனுள்ளதாக இருந்தது'. சான்றிதழுக்காக நிரப்புகிற படிவம். அதில் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனால் மூன்று நாலு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: சிலை செய்பவர் எழுந்துபோய் என்ன செய்தார் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையே ஸ்தபதிக்குத் தொலைபேசினேன். மேடையில் பேசக் கூச்சமாக இருந்ததோ என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, எனக்குப் பேச வராதுன்னு யாரு சொன்னா? பட்டறையில நாள் பூரா பேசிக்கிட்டேதான் இருக்கேன். அங்க உக்கார வச்சுட்டு எதைப் பார்த்துப் பேசச் சொல்றீங்க?"

இந்த ஆய்வை எழுதக் காரணமே அந்தக் கடைசி வரிதான். பிறகு நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

எடுத்த முடிவுகள்

காட்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. முதலில் தோன்றிய வழி, ஸ்தபதிக்குத் தனியாக ஒரு நாள் செய்முறை விளக்கம் வைப்பது. துறைக் கூட்டத்தில் பலருக்கும் அதுதான் பிடித்தது. சுலபமானது, மாணவர்கள் விரும்பி வருவார்கள். ஆனால் அப்படிச் செய்தால் நாங்கள் அழைப்பிதழில் போட்ட கோட்டை அழுத்திப் போட்டதாக ஆகிவிடும். யோசிப்பவருக்கு ஒரு மாலை, செய்பவருக்கு ஒரு மாலை. பேராசிரியர் சொன்ன குறையை நாங்களே செய்துகாட்டினதுபோல இருக்கும். அதனால் அதே இருவரையும் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்தோம்.

பேராசிரியரிடம் சொல்வதுதான் கடினம். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பதிவின் கணக்கைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நீங்கதானேம்மா பேசச் சொன்னீங்க?" என்றார். நியாயமான கோபம். அவரை உரையாற்ற அழைத்துவிட்டு, உரையாடவில்லை என்று குறை சொன்னால் எப்படி? ஒரு காபிக்குப் பிறகு, "சரி, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். பேச்சை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதித் தரச் சொன்னேன், முன்கூட்டியே மாணவர்களுக்குக் கொடுத்துவிட. கூடத்தில் அவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், அதுவும் மேசையில் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும். "தெரியாததைக் கேட்கணுமா, தெரிஞ்சதைக் கேட்கணுமா?" என்றார். தெரியாததை என்றேன். "அப்ப நிறைய இருக்கு" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மற்றவை சின்ன முடிவுகள். மேடை வேண்டாம், கூடத்தின் நடுவே ஒரு நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள். பொன்னாடை கிடையாது. அறிமுகம் இருவருக்கும் இரண்டே வரி. ஒலிவாங்கி மேசையில் பொதுவாக. ஹாலோஜன் விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குத் தற்காலிகமாகத் திரை போட்டுச் சாதாரண விளக்கு. ஸ்தபதிக்குத் தேவையானதை அவரே கொண்டுவரட்டும், என்ன கொண்டுவருவது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது மாலை

ஒரு துணிப்பையும் ஒரு எவர்சில்வர் வாளியும் கொண்டுவந்தார். வாளியில் தண்ணீர், அதில் மெழுகுக் கட்டிகள் மிதந்தன. பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு தென்னை ஓலை நறுக்கு. உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு ஓலையை வெட்டி, அதை மடித்து மடித்து அளவு குறிப்பதைச் செய்துகாட்டினார். சிவன், விஷ்ணு போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம் என்ற அளவு முறை, உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். அம்மனுக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று ஓலையில் விழுந்த மடிப்புகளை நகத்தால் தொட்டுக் காட்டினார். ஆளாளுக்கு அந்த ஓலையை வாங்கிப் பார்த்தார்கள்.

பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி இது: "இந்த ஓலை காய்ஞ்சா சுருங்காதா? அப்ப அளவு மாறிடுமே?"

"மாறும் சார். அதனால ஒவ்வொரு சிலைக்கும் புதுசா வெட்டிக்குவோம். பழைய ஓலைய வச்சுக்க மாட்டோம். அதுல பங்குதான் முக்கியம், அடிக்கோல் கணக்கு இல்ல."

ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஆனால் அதற்கப்புறம் அறையின் பேச்சே மாறிவிட்டது. சிற்ப நூல்களின் அளவு முறையைப் பற்றி நான் வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுப்பேன். அளவுக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

பிறகு மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது. வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் சேர்மானம் வேறு. மேலே முதல் பூச்சு காவிரி வண்டல், மாவுபோல நைஸாக. மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் அதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த பூச்சு வரவரக் கரடாகும். நிழலில் காயவைத்து, கம்பி கட்டி, வரட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் ஊற்றுவது. இதைச் சொல்லும்போது அவர் கைகள் மேசையில் இல்லாத ஓர் அச்சைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தன.

உலோகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கை தூக்கினார். வருகைப்பதிவுக்காக வந்தவர் என்று பின்னால் அவரே சொன்னார். "எவ்வளவு உலோகம் உருக்கணும்னு எப்படித் தெரியும்?"

"மெழுக எடை போட்டுக்குவோம் தம்பி. ஒரு கிலோ மெழுகுன்னா பத்துக் கிலோ."

மாணவர் உடனே நோட்டில் எழுதிப் பார்த்தார். தாமிரத்தின் அடர்த்தி மெழுகைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பஞ்சலோகம் என்று சொன்னாலும் பெரும்பகுதி தாமிரம்தான், பித்தளையும் ஈயமும் கொஞ்சம், பொன்னும் வெள்ளியும் பேருக்கு. "ஒன்பதுதான் சார் வருது" என்றார்.

பேராசிரியர் முன்னால் சாய்ந்தார். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் என்ற நூலில் எட்டு மடங்கு என்று இருப்பதைச் சொன்னார். "நூல்ல எட்டு, தம்பி கணக்குல ஒன்பது, உங்களுக்குப் பத்து. கூட இருக்கிறது எங்க போகுது?"

ஸ்தபதி வாளியிலிருந்து ஒரு மெழுகுக் குச்சியை எடுத்து உருவின் முதுகில் வைத்துக் காட்டினார். உலோகம் உள்ளே போக ஒரு வழி, காற்று வெளியே போக ஒரு வழி, அந்த இரண்டிலும் உலோகம் தங்கும். உருக்கும்போது கழிவு கொஞ்சம். "எட்டுன்னு எழுதினவரு ஊத்திப் பார்த்திருக்க மாட்டாரு. இல்லைன்னா குழாய்க்குத் தனியா கணக்கு வச்சிருப்பாரு. குறைஞ்சா பாதிச் சிலைதான் சார் வரும், திரும்ப மெழுகுலேர்ந்து ஆரம்பிக்கணும். மிஞ்சினா அடுத்ததுக்கு ஆச்சு."

பேராசிரியர் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து பேனா எடுத்துத் தன் கட்டுரையின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

கடைசியில் எழுத்தாக்கம் செய்த மாணவி கேட்டார்: "அன்னைக்கு நீங்க எழுந்து போய் அந்த விரலைச் சரி பண்ணீங்களே, அது எதுக்கு?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. அந்த இடைவெளி மெழுகிலேயே இருக்க வேண்டும் என்றார். மூடியபடி வார்த்துவிட்டால் உலோகம் அடைத்துக்கொள்ளும், பிறகு துளை போட வேண்டும், துளை போட்ட விரல் பிடித்த விரலாக இருக்காது. அம்மன் கைக்குள் தினமும் ஒரு பூ செருகுவார்கள். காம்பு நுழைய வேண்டும், ஆனால் வழுவிக் கீழே விழக்கூடாது.

"எந்தப் பூவோட காம்புக்கு அளவு?" என்றார் பேராசிரியர்.

"சாஸ்திரம் நீலோற்பலம்ங்குது சார். குருக்கள் கையில அரளிதான் இருக்கும். நாங்க அரளிக்கு விடுவோம்."

மாலை எட்டே முக்கால்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. காவலாளி சாவிக்கொத்தோடு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தொடர்ந்து வந்த சிக்கல்கள்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் சிக்கல் பணத்தில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் மதிப்பூதியத்துக்கு இரண்டு தலைப்புகள்: சிறப்புரை, செய்முறை விளக்கம். இரண்டாவதன் தொகை முதலாவதில் பாதி. ஒரே மேசையில், ஒரே நேரம் உட்கார்ந்து பேசிய இருவரில் ஒருவருக்கு முழுத் தொகை, இன்னொருவருக்குப் பாதி என்று கோப்பு தயாரானது. ஸ்தபதிக்கும் சிறப்புரைத் தொகையே தர வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் அவர், 'எட்டாம் வகுப்பு. தொழில் அப்பாவிடம்' என்று எழுதியிருந்தார். முதுகலைப் பட்டம் இல்லாதவருக்குச் சிறப்புரைத் தலைப்பில் வழங்க இயலாது என்று கோப்பு திரும்பி வந்தது. கோப்பைத் திருப்பி அனுப்பியவர்மேல் எனக்குக் கோபமில்லை. தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். புதுத் தலைப்பு ஒன்றைக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்க நாலு மாதம் ஆனது. அதுவரை பாதித் தொகைதான் போயிருந்தது. மீதிக் காசோலையைத் தபாலில் அனுப்ப மனம் வராமல் நானே சுவாமிமலைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறையில் அந்த அம்மன் உலோகமாகி, உளிவேலை பாதியில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் வலது கையைத்தான் பார்த்தேன். பேனாக் கொக்கியில் வளைத்த அந்தச் சுட்டுவிரலைத் தேடியது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கவனித்துவிட்டார். "அது இல்லம்மா. அந்த விரல் லைட்டு சூட்டுல கெட்டுப்போச்சு. இங்க வந்ததும் வெட்டிட்டுப் புதுசா வச்சேன்."

இரண்டாவது சிக்கல் எங்கள் தப்பு, முழுக்க. பேச்சின் நடுவே ஸ்தபதி தன் குடும்பத்து மெழுகுச் சேர்மானத்தின் சரியான விகிதத்தைச் சொல்லியிருந்தார், பேச்சுவாக்கில். அது எழுத்தாக்கத்தில் அப்படியே ஏறி, துறை ஆவணத்தில் சேர்ந்து, மாணவர்கள் கைக்கும் போய்விட்டது. பதிவு செய்கிறோம் என்று சொல்லியிருந்தோம். எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெளியே விடலாம் என்று கேட்கவில்லை. காசோலை கொடுத்த அன்றுதான் அவர் மெல்லச் சொன்னார்: "அந்த அளவ மட்டும் எடுத்துட முடியுமாம்மா?" எடுத்தோம். வெளியே போன பிரதிகளைத் திரும்பக் கேட்டு வாங்கினோம். எல்லாம் திரும்பி வந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது மாலையின் வெற்றியில் மயங்கி, நடுவில் மேசை, மேசையில் கருவிகள், சுற்றிலும் நாற்காலி என்பதையே விதியாக்கிவிட்டோம். அடுத்து வந்தவர் அரூப ஓவியம் வரையும் ஓவியர். மேசையில் அவருடைய தூரிகைகளையும் வண்ணக் குழாய்களையும் அழகாகப் பரப்பி வைத்தோம். வந்து பார்த்தார். "என் பிரஷ்ஷப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கப் போறீங்க? எல்லாம் கடையில வாங்கினது" என்றார். உடன் பேச வந்திருந்த தமிழ்ப் பேராசிரியர் நாலைந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இருபது நிமிடத்தில் வறண்டுவிட்டது.

அப்போது ஓவியரே ஒரு வழி சொன்னார். மேசையை ஓரம் தள்ளச் சொல்லி, நாற்காலிகள் எல்லாவற்றையும் சுவரில் தொங்கிய ஒரே ஓவியத்தைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். தானும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு பார்வையாளர்களோடு, அவர்களுக்கு முதுகு காட்டாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். பத்து நிமிடம் பார்ப்போம், யாருக்காவது ஏதாவது கேட்கத் தோன்றினால் கேட்கட்டும் என்றார். ஆறாம் நிமிடத்தில் தோட்டக்கலைத் துறை மாணவி ஒருத்தி, "கீழ் மூலையில அந்தப் பச்சையைப் போட்டுட்டு அப்புறம் அழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அழித்துத்தான் இருந்தார். ஏன் அழித்தார் என்பதில் பேச்சு பிடித்துக்கொண்டது, மிச்ச மாலை அதிலேயே போனது. ஸ்தபதி தொலைபேசியில் கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. எதைப் பார்த்துப் பேசுவது என்பதை நாங்கள் தீர்மானித்திருக்கக் கூடாது.

இப்போது மாற்றியிருப்பவை, இன்னும் மாற்ற வேண்டியவை

இப்போது அழைப்புக் கடிதத்துக்கு முன்னால் வருபவருடைய பட்டறைக்கோ வீட்டுக்கோ ஒருமுறை போய்விடுகிறேன். உடன் பேசப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு. அங்கே இருவரும் எதைக் காட்டிப் பேச ஆரம்பிக்கிறார்களோ அதைத்தான் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். தொகையும் தலைப்பும் முதலிலேயே எழுத்தில். பதிவை எழுதியானதும் இருவருக்கும் படித்துக்காட்டிவிட்டு, வேண்டாம் என்பதை நீக்கிய பிறகே ஆவணத்தில் சேர்க்கிறோம். ஹாலோஜனுக்குப் பதில் சூடு குறைந்த எல்இடி வந்துவிட்டது. மேற்கு ஜன்னல் திரைக்கு மட்டும் மூன்று வருடமாக ஒப்பந்தப்புள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது.

வருகைப்பதிவுக்காக மாணவர்களைக் கொண்டுவந்து நிரப்புவதை நிறுத்தலாமா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நிறுத்தச் சொல்கிறவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அப்படி நிறுத்தியிருந்தால் அந்த உலோகவியல் பையன் வந்திருக்க மாட்டான்.

அழைப்பிதழில் 'சிந்தனையாளர்', 'கைவினைஞர்' என்ற அடைமொழிகளை எடுத்துவிட்டோம். வெறும் பெயரும் ஊரும் போடலாம் என்று இருந்தோம். அடுத்த ஆண்டு அதே இருவரையும் திரும்ப அழைத்தபோது பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "அடைமொழி வேண்டாம், சரி. பிஎச்.டி. மட்டும் இருக்கட்டும்மா, அஞ்சு வருஷம் கஷ்டப்பட்டு வாங்கினது" என்றார். சரி என்று போட்டோம். அப்படியானால் ஸ்தபதி பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா பேரப் போடுங்கம்மா" என்றார்.